இரண்டு முறை இருந்த இத்தா

தொழுகை நேரம் இல்லாத நேரத்தில் பள்ளிவாசல் மைக்கை யாரோ விரலால் தட்டுகிறார்கள். டொக், டொக். அப்புறம் ஒரு செருமல். பாங்கு சொல்லப் போகிறவர் மைக்கைத் தட்டிப் பார்ப்பதில்லை. மௌத்துச் செய்தி, சாவுச் செய்தி சொல்லப் போகிறவர்தான் தட்டுவார், சொல்ல வேண்டியதை இன்னும் ஒரு நொடி தள்ளிப்போடுகிறவர்போல. அந்த இரண்டு தட்டுக்குள் தெருவில் மிக்ஸி நிற்கும், டி.வி. சத்தம் குறையும், பால்காரர்கூட வண்டியை அணைத்துவிட்டு ஒற்றைக் காலை ஊன்றி நிற்பார். எல்லாரும் யார், யார் என்று காதைக் கொடுக்கும்போது எனக்கு மட்டும் பல் கடிபடும். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிற வயதாகிவிட்டது. இந்தப் பல் கடிப்புக்கு மட்டும் மாத்திரை கிடைக்கவில்லை. என் அக்காவின் வீட்டுக்காரருக்காக அந்த மைக்கைத் தட்ட எங்கள் ஜமாஅத்துக்கு வருஷங்கள் பிடித்தன. அத்தனை வருஷமும் அவர்கள் அவளுக்குக் கொடுத்தது ஒரே ஒரு சொல். சபூர்.

பொறுமை என்று எங்கள் தெருவில் யாரும் சொல்வதில்லை. சபூர் செய் என்பார்கள், ஏதோ ரசம் வை என்பதுபோல. செய்யச் சொல்கிறவருக்குச் சுலபம். அடுப்பில் நிற்பது வேறு ஆள்.

மச்சான் சவுக்குக் கட்டை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். செய்யூர்ப் பக்கம் தோப்புகளில் ஏற்றி மெட்ராசுக்குக் கொண்டுபோவார். மதுராந்தகம் ஏரியில் நீச்சல் பழகியவர். ஏரியில் பழகினவனுக்கு எல்லாத் தண்ணீரும் ஏரிதான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளம் தர்காவுக்குப் போனோம்: அக்கா, மச்சான், அவருடைய லாரிக் கூட்டாளிகள் இரண்டு பேர், நான். சாப்பிட்டு முடித்து அக்கா குழாயடியில் தேக்சா கழுவிக்கொண்டிருந்தாள், நான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். ஆண்கள் மூவரும் கடல் பக்கம் போனார்கள். இரண்டு பேர் திரும்பி ஓடி வந்தார்கள்.

"இப்பத்தான் கண்ணு முன்னால நீந்திகினு இருந்தாரு. ஏரி மாதிரியே கீதுடான்னாரு. ஒரு அலை வந்துச்சி. அப்பால தலை தெரியல."

குப்பத்து ஆட்கள் கட்டுமரம் தள்ளிக்கொண்டு போனார்கள். இருட்டும் வரை தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். "எங்கனா ஒதுக்கும் பாய், பாத்துகினே இருங்க" என்றார் அவர்களில் ஒருவர். நான் தெற்கே மாமல்லபுரம் வரை கரையோடு நடந்தேன், வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம் வரை நடந்தேன். கடல் எத்தனையோ ஒதுக்கியிருந்தது. தேங்காய், பாட்டில், அறுந்த வலை, யாருடையதோ ஒற்றைச் செருப்பு. அவரை மட்டும் ஒதுக்கவில்லை.

முதல் சபூர் அந்தக் கரையிலேயே வந்தது. வெயில்கூட இறங்கவில்லை. அக்காவின் கையில் தேக்சா தேய்த்த சாம்பல் அப்படியே இருக்கிறது. யாரென்றே தெரியாத ஒரு பெரியவர், கையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு, அவள் தலைக்கு மேலே குனிந்து சொன்னார்: "சபூர் செய்யிம்மா." சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்தார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. மணி என்ன என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

செங்கல்பட்டுக்கு அவளைக் கூட்டி வந்தோம். பிள்ளை இல்லை. மச்சானுக்குத் தாய் தகப்பனும் இல்லை. எங்கள் அம்மா முன்பே போய்விட்டாள். அத்தா, எங்கள் தகப்பனார், ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், வாய் திறந்து பேசாத மனிதர். அதனால் மதுராந்தகத்திலிருந்து பெரியம்மா வந்து வீட்டைக் கையில் எடுத்தாள். வந்த மறுநாளே அக்காவை இத்தாவில் உட்கார வைத்தாள்.

புருஷன் மௌத்தானால் பொஞ்சாதி நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அதுதான் இத்தா. பெரியம்மா அக்காவின் கழுத்திலிருந்து கருகமணியைக் கழற்றினாள். வளையலைக் கழற்றினாள். உள்ளறை ஜன்னலில் பழைய போர்வையை ஆணி அடித்து மாட்டினாள். யாரிடமும் கேட்கவில்லை. இத்தா பெண்கள் சமாசாரம், இதில் பள்ளியில் தொழ வைக்கிற ஹஜ்ரத்திடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். எங்கள் வீடுகளில் அப்படித்தான். குளிப்பாட்டுவது, கபன் துணி வெட்டுவது, இத்தா இருத்துவது எல்லாம் பெண்களே முடிவு செய்வது. பிழை அங்கே விழுந்தது. அதைப் பிழை என்று எங்களுக்குச் சொல்லவும் ஆளில்லை.

அக்கா இருந்தாள். ஆனி மாத வெயிலில் போர்வை போட்ட அறையில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். அவள் எதையாவது கேட்பாள். இன்று காற்று எந்தப் பக்கம், ரயில் லேட்டா, கடைத்தெருவில் மழைத் தண்ணீர் வடிந்ததா. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பாள். வெளியே யாராவது செருப்பை உதறினால் போதும், முதுகு நிமிரும். ஒரு சொட்டுக் கண்ணீர் நான் பார்க்கவில்லை. வருகிற பெண்கள் எல்லாம் அதை மெச்சினார்கள். "இன்னா சபூரு பாரு இந்தப் பொண்ணுக்கு, அழவே இல்ல." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு அழத் தெரியாதா? சின்ன வயதில் பூனைக்குட்டி செத்ததற்கு ராத்திரி முழுக்கச் சோறு தின்னாமல் கிடந்தவள் அவள்.

இத்தா முடிந்த நாள் காலையில் பெரியம்மா அவளைக் குளிக்க வைத்து வாசலுக்கு அழைத்து வந்து வானத்தைப் பார்க்கச் சொன்னாள். அத்தா புதுக் கைலி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார், நானும் போனேன். யாசீன் ஓதி ஒரு துஆ செய்துவிடுங்கள், பள்ளியில் மௌத்தையும் சொல்லிவிடுங்கள் என்று கேட்கப் போனோம். ஹஜ்ரத் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுவார். பக்கத்தில் முத்தவல்லி, பள்ளியின் நிர்வாகம் முழுக்க அவர் கையில், அவர் முழுக்கத் தன் கையில்.

"மௌத்துன்னு யாரு சொன்னது?" என்றார் ஹஜ்ரத்.

அத்தா புரியாமல் பார்த்தார்.

"தண்ணியில போனதப் பாத்திருக்காங்க. மௌத்தானத யாரும் பாக்கலியே. மையத்து இல்ல, ஒடம்பு கெடைக்கல. நம்ம மத்ஹபுல மையத்து இல்லாம ஜனாஸாத் தொழுகை தொழுவ முடியாது. அவரு காணாமப் போனவரு. காணாமப் போனவரோட பொஞ்சாதி, பொஞ்சாதிதான். இத்தா எங்கருந்து வந்துச்சு?"

"அப்ப எம்பொண்ணு இத்தினி நாளா இருந்தது?" அத்தாவின் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை.

முத்தவல்லி முந்திக்கொண்டார். "அத்த நஃபிலுன்னு வச்சிக்கயேன் பாய். கூலி எங்கியும் பூடாது. சபூர் செய்யச் சொல்லு."

நஃபில். கடமை இல்லாத, உபரியான வணக்கம். நான்கு மாதம் ஒரு பெண் வெளிச்சம் பார்க்காமல் இருந்ததைக் கூடுதல் மதிப்பெண்ணாக எழுதிக்கொள்ளச் சொன்னார் அந்த மனிதர், பல் குத்திக்கொண்டே. அத்தா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடிக்காமல் விட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அன்று மாலையே பெரியம்மா கருகமணியைத் திரும்ப எடுத்து வந்தாள். புருஷன் உயிரோடு இருக்கிறவள் வெறும் கழுத்தோடு இருக்கலாமா என்றாள். கட்டினாள். புது வளையல் போட்டாள். கழற்றின கையாலேயே கட்டினாள், இரண்டு முறையும் அவள்தான் அழுதாள். அக்கா கழுத்தை நீட்டிக்கொண்டு சும்மா இருந்தாள், முடிவெட்டுக் கடைக்காரனுக்குத் தலை கொடுப்பதுபோல.

அதன் பிறகு அவள் என்னவாக இருந்தாள் என்பதற்கு எனக்கு வார்த்தை கிடைத்ததில்லை. பொஞ்சாதி, புருஷன் இல்லை. கைம்பெண், சாவு இல்லை. கல்யாண வீட்டில் அவளை முன்வரிசையில் உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். மச்சானைப் போல ஒருத்தரை நாகூரில் பார்த்ததாக ஒரு செய்தி வரும், அத்தா ராத்திரி பஸ் ஏறிப் போவார், இரண்டு நாள் கழித்துச் சட்டை கசங்கி வருவார். பம்பாயில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். சொன்னவன் பம்பாயே போனதில்லை என்று பிறகு தெரிந்தது. வெள்ளிக்கிழமை தொழுது வெளியே வந்தால் யாராவது என் தோளைத் தட்டுவார்கள். "அக்கா எப்டி கீறா? சபூர் செய்யச் சொல்லு, சபூர் செய்யறவங்களோட அல்லா கீறான்."

அல்லாஹ் அவளோடு இருந்தான், எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

உடம்பு புழுத்துப் போன நிலையிலும் பொறுத்துக்கொண்ட ஒரு நபியின் கதையை நோன்பு மாத பயானில், சொற்பொழிவில், வருஷா வருஷம் கேட்கிறோம். தொலைந்த மகனுக்காக அழுது அழுது கண் வெளுத்துப் போன இன்னொரு நபியின் கதையையும் கேட்கிறோம். இருவருமே பொறுமையாளர்கள். இருவருமே தங்கள் நோவை வாய்விட்டு இறைவனிடம் சொன்னவர்கள். அழாதே, கேட்காதே, வாயை மூடு என்று அவர்களிடம் ஒரு முத்தவல்லி சொன்னதாக எந்தக் கதையிலும் இல்லை. பொறுமை என்பது வலிக்கிறவன் தன் ரப்போடு, தன் இறைவனோடு செய்துகொள்கிற ஏற்பாடு. அதை அடுத்தவன் கையிலிருந்து வாங்கி மறுபடி அவன் வாயிலேயே துணியாக அடைக்கிற வித்தையை யார் கண்டுபிடித்தார்களோ.

முத்தவல்லி ஒருநாள் பூத்துக்கு வந்தார். துபாயில் இருக்கும் மகனோடு பேச வேண்டும். லைன் கிடைக்கவில்லை. நான் மறுபடி மறுபடி எண்ணைச் சுற்றினேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

"இன்னாப்பா இது, பேஜாரு. எவ்ளோ நேரம் போடுவ லைனு?"

"சபூர் செய்ங்க மாமா."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். க்யூவில் நின்ற ஆட்டோக்காரர் விஷயம் தெரியாமலே சிரித்துவிட்டார்.

"நக்கலா?"

"இல்ல மாமா. நஃபிலுன்னு வச்சிக்குங்க."

அன்று அத்தா என்னோடு சாப்பிட உட்காரவில்லை. அக்கா மட்டும் தோசை வார்த்துக்கொண்டே, "அவரு மூஞ்சி எப்டி ஆச்சி, சொல்லு" என்றாள். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள். அந்த வருஷங்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

செய்யூரிலிருந்து ஒருவர் அவளைக் கேட்டு வந்த பிறகுதான் எல்லாம் முற்றியது. மனைவியை இழந்தவர், மரப்பட்டறை வைத்திருந்தார். மச்சான் லாரியில் சவுக்கு ஏற்றிய தோப்புகளில் அவரோடு பழக்கம். விஷயம் எல்லாம் தெரிந்தே, அத்தாவிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அத்தா அக்காவைப் பார்த்தார். அக்கா, "அவருக்கு மௌத்துன்னு சொல்லாம நான் எப்டி பதில் சொல்றது அத்தா" என்றாள். முடியாது என்று சொல்லவில்லை. அவளுக்கு ஒரு வாழ்க்கை வாசலில் வந்து நிற்கிறது, திறக்கிற சாவி பள்ளிவாசல் ஆபீசில் இருக்கிறது.

நான் கடற்கரைப் பக்கம் போய் ஒரு சின்னப் பள்ளியில் கேட்டேன். அங்கே வேறு மத்ஹபு, மார்க்கச் சட்டத்தில் வேறு வழி. மையத்து இல்லாமலும் ஜனாஸா தொழுவார்கள். "கடல்ல போனவங்களுக்கு நாங்க இப்டித்தான் தொழுவறது" என்று அங்கிருந்த ஹஜ்ரத் லுஹர் தொழுகைக்குப் பிறகு பத்துப் பதினைந்து பேரை நிறுத்தித் தொழ வைத்தார். பெயர் கேட்டார், தகப்பன் பெயர் கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. நான் அந்தச் சின்ன வரிசையில் நின்று குலுங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஜமாஅத் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "அது அவங்க மத்ஹபு" என்றார் முத்தவல்லி. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றும் இருந்திருக்க வேண்டும். இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே விட்டார்கள். பள்ளியின் பக்கவாட்டுக் கதவு, நோன்புக் கஞ்சிக்குப் பெண்கள் தூக்குவாளியோடு நிற்கிற இடம். அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் சொல்லி வரவில்லை. என்னைத் தாண்டி, ஆபீஸ் ஜன்னலுக்கு நேராகப் போனாள்.

"ஹஜ்ரத்."

உள்ளே சத்தம் அடங்கியது.

"எனக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அவரு உசுரோட கீறார்னா எங்க கீறார்னு சொல்லுங்க, நான் போய் கூட்டிகினு வரேன். மௌத்துன்னா எனக்கு இத்தா குடுங்க."

"தங்கச்சி, சபூர் செய்யிம்மா" என்றது முத்தவல்லியின் குரல்.

"சபூர்ல நான் எங்கனா கொற வச்சனா மாமா? வச்சிருந்தா சொல்லுங்க, தவ்பா செஞ்சிக்கிறேன். முடிவு சொல்ல பயந்துகினு நீங்க குந்திகினு கீறீங்க. குந்தறதுக்கு என் சபூரப் பாயா விரிச்சிகினீங்க."

குரலை உயர்த்தவில்லை. என் கத்தலுக்கு ஒரு செவிப்பறைகூட அசையவில்லை. இதற்கு உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஹஜ்ரத் எழுந்து ஜன்னலண்டை வந்தார். அவளைப் பார்க்காமல், கம்பியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பயம்தான்மா. எங்க ஊர்ல இப்படித்தான் ஒருத்தருக்கு மௌத்துன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பிள்ளைக்கு வேற நிக்காஹ் ஆயிடுச்சு. அவன் திரும்பி வந்துட்டான். மூணு பேரும் சீரழிஞ்சாங்க. அது எங்கத்தா சொன்ன தீர்ப்பு."

அக்கா ஜன்னலுக்கு இன்னும் ஒரு எட்டு கிட்டே போனாள். "அப்ப அத்த அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் ஹஜ்ரத். பயமா கீதுன்னு சொல்லியிருந்தா நானும் கூட சேந்து பயந்திருப்பேன். சபூருன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் அந்த வாரமே ரயிலேறி, தான் ஓதிய மதரஸாவுக்குப் போனார். கடலில் மூழ்கினதைப் பார்த்த சாட்சி இருந்தால், உயிரோடிருக்க வழியில்லை என்று தெரிந்தால், மௌத்து என்று தீர்ப்புச் சொல்லலாம் என்று சட்டக் கிதாபிலேயே இருக்கிறதாம். தீர்ப்பு நாளிலிருந்து இத்தா. அப்படி இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? நான் கேட்கவில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

அவர் திரும்பி வந்து தீர்ப்புச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் மைக் தட்டப்பட்டது. தெரு காதைக் கொடுத்தது. அத்தா தடுமாறி எழுந்து நின்றார், ரயில் வருகிறதுபோல. மச்சானின் பெயரை அந்த ஒலிபெருக்கி சொல்லி முடித்ததும் வாசலில் பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், புதுச் சாவுக்கு வருவதுபோலவே, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு. எனக்கு அவர்களைக் கதவோடு சேர்த்து அறைய வேண்டும்போல் இருந்தது.

"திருப்பியும் உட்கார வைக்கப் பாக்கறாங்க. உட்காராதே" என்றேன் அக்காவிடம். "நீ ஒரு தபா இருந்துட்ட. அல்லாவுக்குத் தெரியும்."

அவள் தானே ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னலுக்குப் போர்வை மாட்டிக்கொண்டிருந்தாள். கருகமணியைத் தானே கழற்றி வைத்திருந்தாள்.

"உட்காருவேன். அப்ப இருந்தது இத்தாவா? கதவ யாரு தட்டறாங்கன்னு காதத் தீட்டிகினு கெடந்தேன். அழுதா அவரு மௌத்தாயிடுவாருன்னு பயந்துகினு அழவே இல்ல. இப்ப நான் குந்தி அழணும்டா. நீ வெளிய போ."

வெளியே போனேன். கதவு சாத்தியதும் கேட்டது. தெருமுனை வரை கேட்டிருக்கும். ஒரு பெண், "ஐயோ, சபூர் செய்யச் சொல்லுங்க" என்று எழுந்தாள். பெரியம்மா, அதே பெரியம்மா, அவளைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "இதுதான்டி சபூரு. குந்து."

அவள் இத்தா முடிந்து, வீட்டுக்குள்ளேயே நிக்காஹ் நடந்தது. பிரியாணி இல்லை, பந்தல் இல்லை. மறுநாள் காலை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், மதுராந்தகம் வழியாகச் செய்யூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். புது மச்சான் இரும்புப் பெட்டியை எங்கே வைப்பது என்று கண்டக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கீழே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்ச் சாரியில் முத்தவல்லி யாரோடோ டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அக்கா தலையசைத்து ஸலாம் சொன்னாள்.

"அந்தாளுக்கு ஸலாம் ஒரு கேடா?"

"இன்னா பண்ணச் சொல்ற? வயசானவரு."

"நான் மன்னிக்க மாட்டேன்க்கா. அவர மட்டும் இல்ல, ஒர்த்தரையும்."

"மன்னிக்காத. நான் எம்பங்குக்கு மன்னிச்சிட்டேன், எனக்கு அங்க போய் வூடு கூட்டணும், ஒல வைக்கணும், இதெல்லாம் தூக்கிகினு போவ முடியாது. நீ வச்சிக்க. எனக்காக ஒர்த்தன் கோவமா கீறான்னு இருக்கட்டும்."

"அப்ப நான் இன்னாதான் பண்றது?"

டிரைவர் ஏறிக் கதவைச் சாத்தினார். பஸ் குலுங்கியது. கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களை அவள் பார்த்தாள்.

"மொதல்ல கைய எடு. வண்டி நவுருது."